துடைத்து வைத்த ரோடு

அந்தக் கறை ஒரு கைக்குட்டை அளவுதான் இருக்கும். செண்பகத்தோப்புக்குப் போகிற ரோட்டில், சின்னப் பாலம் தாண்டி, புளியமரங்கள் தொடங்கும் இடத்தில், தாரின் மேல் ஈரமாகக் கிடந்தது. ஓரத்தில் எறும்புகள் வரத் தொடங்கியிருந்தன. நடுவில் ஒட்டியிருந்த பழுப்பு மயிர் ஒன்று காற்றில் எழுந்து எழுந்து படுத்தது.

உடல் இல்லை.

எனக்கு அப்போது ஏழு மாதம். ஆட்டோக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வயிற்றை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு இறங்கி, கறையைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். ரோட்டின் மேல் ஒன்றும் இல்லை. மண் ஓரத்திலும் இல்லை.

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்மா. ஏறுங்க, வெயில் வந்துரும்" என்றார் காஜா பாய். எங்கள் ஆய்வுக்கு மாத வாடகைக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். எதற்கும் அவசரப்படாதவர் அன்றைக்கு மட்டும் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

கறையை எண்ணுகிற வழக்கம் எங்கள் முறையில் இல்லை. உடல் வேண்டும். அதனால் அன்றைய தாளில் பூஜ்யம் போட்டேன். அதற்கு முந்தைய நாளும் பூஜ்யம். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. இன்றைக்கும் ஒன்றும் சாகவில்லை என்று அதனிடம் மனசுக்குள் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

எண்ணுகிற வேலை

போன வாரம் நான் எழுதிய, என் மகள் எஸ்தர் பிறந்த கதையைப் படித்துவிட்டு, "நிறைமாதத்தில் விடியற்காலை எங்கேதான் போய்க்கொண்டிருந்தீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். உறவுக்காரர்களிடம் சொல்லக் கொஞ்சம் கூச்சமான வேலை அது. வண்டிகளில் அடிபட்டுச் சாகிற பாலூட்டிகளையும் பறவைகளையும் எண்ணுவது.

விலங்கியலில் முதுகலை முடித்ததும், எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியையிடமே ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். அவரை இன்றுவரை மேடம் என்றுதான் கூப்பிடுகிறேன். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மலையடிவாரத்து ரோடு. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். இருட்டினால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறவை நிறைய. மாங்காய் லோடு வண்டிகளும், லீவு நாட்களில் வருகிற கார்களும் அவற்றுக்காக நிற்பதில்லை.

பக்கி என்று ஒரு பறவை. பகல் சூடு தாரில் மிச்சம் இருக்கும் என்பதால் பொழுது சாய்ந்ததும் ரோட்டில் வயிற்றை வைத்து உட்கார்ந்துகொள்ளும். லைட் பட்டால் கண் சிவப்பாக மின்னும், பறக்காது. காலையில் தாரோடு தாராக ஒட்டியிருக்கும். சிறகை மட்டும் பிரித்துப் பார்த்தால் வெள்ளைப் பொட்டு அழுக்குப் படாமல் அப்படியே இருக்கும். நான் முதன்முதலில் எண்ணியது அதைத்தான்.

விடிந்ததும் போய்விட வேண்டும், காகங்கள் வருமுன். ஆட்டோ நடை வேகத்தில் போகும். உடல் கிடந்தால் இறங்கி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். என்ன இனம், ஆணா பெண்ணா, சினையா, பால் கொடுக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். கடைசியில் உடலை ரோட்டை விட்டு இழுத்துப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளும் அதையே எண்ணிவிடுவோம்.

கல்யாணமான புதிதில் இந்த இழுக்கிற வேலையை என் கணவர் சாம் செய்தார். ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். விடுமுறை நாளில் என்னோடு வந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பின்னங்காலைப் பிடித்து இழுப்பார்.

"ஊருக்கெல்லாம் கட்டுத்துணி அனுப்புறவரு, ஒரு சொட்டு ரத்தம் பார்த்தா எனக்குப் பின்னால வந்து ஒளியுறாரும்மா" என்று காஜா பாய் கேலி செய்வார்.

"பாய், நாங்க துணி நெய்யுறதோட சரி. குத்துறது, வெட்டுறதெல்லாம் டாக்டர் டிபார்ட்மென்ட்" என்பார் சாம், முகம் வெளுத்துப்போய்.

மேடம் எனக்குச் சொன்ன முதல் பாடம் ஒன்று உண்டு. "போய்ப் பார்த்து ஒண்ணும் கெடைக்கலைன்னா பூஜ்யம்னு எழுது. காலியா விட்டுட்டு வந்தா, நீ போகவே இல்லைன்னு அர்த்தம். பூஜ்யம் வேற, காலி வேற. ரெண்டையும் கலந்தா மொத்தமும் போச்சு."

ஆய்வின் கேள்வி சின்னது. அந்த ரோட்டுக்கு வேகத்தடை வேண்டுமா, எச்சரிக்கைப் பலகை போதுமா? பலகைக்குச் செலவு குறைவு. முதலில் பலகை வைப்போம், அப்படியும் சாவு குறையாவிட்டால் வேகத்தடை போடுவோம் என்று அதற்கான அலுவலகத்தில் முடிவாகியிருந்தது. பலகைக்கு முந்தைய காலத்தை எண்ணி முடித்திருந்தோம். நிறையச் சாவு. பிறகு பலகைகள் வந்தன. மஞ்சள் தகட்டில் கறுப்பு அணில், வாலைத் தூக்கிக்கொண்டு.

அந்த மாதம்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது.

அத்தையின் சட்டம்

"வாயும் வயிறுமா இருக்கவ செத்ததைப் பாக்கலாமாட்டி?" என்று என் மாமியார் முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"பைபிள்ல எங்க அத்தை இருக்கு?"

"எல்லாம் பைபிள்லதான் இருக்கணுமா? புளிக்கொழம்பு வைக்கிறது பைபிள்ல இருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். ஆனால் கர்ப்பிணி சாவு வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது, அடிபட்டுக் கிடப்பதைக் கண்ணால் பார்க்கக்கூடாது, பார்த்தால் பிறக்கிற பிள்ளை உறக்கத்தில் திடுக்கிட்டுக்கொண்டே இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு வேதத்துக்கும் முந்திய சட்டம்.

நான் நஞ்சுக்கொடியைப் படம் போட்டே விளக்கினேன். தாயின் கண்ணில் படுவது பிள்ளையிடம் போய்ச் சேர அங்கே வழியே கிடையாது என்றேன். சொல்லிவிட்டு அறைக்குள் போய், இன்று பார்த்த கீரியின் முகம் ஏன் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது என்று யோசித்தபடி வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தேன். படித்ததை நம்புகிறேனா, பயத்தை நம்புகிறேனா என்று அப்போதும் தெரியவில்லை. இப்போதும் முழுசாகத் தெரியவில்லை.

சில வாரங்களில் அத்தை சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். காலையில் ஃபிளாஸ்க்கில் பால் ஊற்றிக்கொடுத்து, "பாத்துப் போயிட்டு வா" என்றுகூடச் சொன்னார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதே சமயத்தில் சாமுக்கு கம்பெனியில் ஆர்டர் கூடிவிட்டது. கருக்கலிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். காஜா பாய்க்கும் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பாலத்துக்கு முன்னால் இருக்கிற டீக்கடையில் ஆட்டோவை நிறுத்தி, "ஒரு டீ அடிச்சிட்டு வாரேம்மா, கண்ணு சொக்குது" என்பார். அவ்வளவு மெதுவாக டீ குடிக்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. கடைசிச் சொட்டையும் ஆற்றிக் குடிப்பார்.

ரோடு சுத்தமாக இருந்தது. எப்போதாவது நசுங்கிய ஒரு மைனா, ஒரு செம்போத்து இறகு. மற்றபடி பூஜ்யம், பூஜ்யம்.

மேடமும் நானும் சந்தோஷப்பட்டோம். சாவு இவ்வளவு சட்டென்று குறையுமா என்று மேடம் ஒருமுறை கேட்டார். கேட்டுவிட்டு, வரைபடத்தை இன்னொரு முறை பார்த்தார். கோடு பலகை வைத்த மறுமாதமே செங்குத்தாகக் கீழே இறங்கியிருந்தது. பலகை வேலை செய்கிறது என்று அறிக்கை போனது. நான் பிரசவத்துக்கு மருத்துவமனையில் சேர்ந்த வாரத்தில், வேகத்தடை தேவையில்லை என்ற பதிலும் வந்துவிட்டது.

பால்

எஸ்தருக்குத் தாய்ப்பாலோடு கஞ்சியும் கொடுக்க ஆரம்பித்த சமயம் நான் திரும்பவும் ரோட்டுக்குப் போனேன். பலகையின் பலன் நிலைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக இன்னும் கொஞ்ச காலம் எண்ணச் சொல்லியிருந்தார்கள். பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, பிள்ளை விழிப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற பதற்றத்தோடு ஆட்டோ ஏறினேன்.

காஜா பாய் டீக்கடையில் நிற்கவில்லை. அன்று அதை நான் கவனிக்கவில்லை.

பாலம் தாண்டியதும் ஒரு முயல். கொஞ்சம் தள்ளி ஒரு மரநாய். இரண்டு நாள் கழித்து ஒரு கீரி, ஒரு புள்ளி ஆந்தை. டிரைவர்களுக்குப் பலகை பழகிப்போயிருக்கும், பார்த்தும் பார்க்காமல் போகிறார்கள் என்று மேடத்திடம் சொன்னேன். அறிவியலில் அதற்கும் ஒரு பெயர் உண்டு. எதற்கும் ஒரு பெயர் இருப்பது எவ்வளவு வசதி.

பிறகு அந்தச் சாம்பல் அணில்.

எங்கள் பக்கத்து மலைக்கே பேர் வாங்கிக்கொடுத்த பிராணி. உடலைவிட நீண்ட வால், சாம்பல் தூவின மாதிரி முதுகு. மரத்துக்கு மரம் தாவிப் போகுமே தவிர, தரைக்கு இறங்காது. ரோட்டோரக் கிளைகளை வெட்டியிருந்ததால் தாவ எட்டாமல் இறங்கியிருக்கிறது. மஞ்சள் பலகைக்கு நேர் கீழேதான் கிடந்தது.

பெண். முறைப்படி காம்பைச் சுற்றி மயிர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். தேய்ந்திருந்தது. கட்டைவிரலால் மெல்ல அழுத்த வேண்டும். அழுத்தினேன். வெள்ளையாக வந்தது.

அந்த நொடியே என் சட்டையின் முன்பக்கம் நனைந்துவிட்டது. அது என் கையில் இல்லை, உடம்பு தானாகச் செய்வது. காஜா பாய் பார்த்துவிட்டார். தன் தோள் துண்டை சீட்டில் வைத்துவிட்டு, மலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இந்த அணில் பெரும்பாலும் ஒரு குட்டிதான் ஈனும். ஆனால் கூடு பல கட்டி வைத்திருக்கும், எதில் குட்டி இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. குட்டி சத்தமும் போடாது. வனக்காவலர்களுக்குச் சொல்லி, அவர்களும் நாங்களும் அந்தப் புளியமரங்களை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தோம். ஏறிப் பார்த்த கூடுகள் காலியாக இருந்தன. மறுநாளும் தேடினோம். அதற்கு மறுநாள் தேடவில்லை.

எந்தக் கூடு என்று தெரிந்தவள் ஓரத்தில் கிடந்தாள்.

வீட்டில் விசேஷம்

எஸ்தரின் ஞானஸ்நானம் அந்த மாதக் கடைசியில். கோயில் முடிந்து, வீட்டு முன்னால் பந்தல் போட்டு, பிரியாணி. நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்தேன். சாமின் சித்தி மகள் ஒருத்தி மாசமாக இருந்தாள். அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்த அத்தை, பேச்சுவாக்கில் என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவ வேலை அப்படி. போகாதன்னா கேக்க மாட்டா. எம் மகன் என்ன செஞ்சான் தெரியுமா? தெனமும் கருக்கல்ல எந்திரிச்சுப் போயி, ரோட்டுல கெடந்ததையெல்லாம் இழுத்துப் பள்ளத்துல தள்ளிட்டுத்தான் பொறவு வேலைக்குப் போவான். இவ போறப்ப ரோடு தொடச்சு வச்ச மாதிரி இருக்கும். ஒரு எலி கெடந்தது இவ கண்ணுல பட்டிருக்காது. அதான் பாரு பிள்ளையை, எம்புட்டுத் தெளிவா முழிக்குது!"

பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"குடுத்து வச்சவ ஏட்டி நீ!"

"எங்க வீட்டுல குடிச்ச காப்பி டம்ளரை எடுத்து வைக்க மாட்டாரு. இவிய ரோட்டையே கூட்டியிருக்காகளே!"

சிரிப்பு. நானும் சிரித்த முகமாகத்தான் இருந்தேன் என்று பிறகு போட்டோவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பந்தியில் வெங்காயத் தயிர் வாளியோடு நின்ற சாமைத் தேடினேன். அவர் காதிலும் விழுந்திருந்தது. கரண்டி வாளிக்கு மேலேயே நின்றுவிட்டது. அவருக்குப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த காஜா பாய் இலையை விட்டுத் தலையை எடுக்கவே இல்லை.

எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

பாலத்துக்கு அடியில்

மறுநாள் மத்தியானம் அங்கே போனேன். ரோட்டிலிருந்து பார்த்தால் செடிதான் தெரியும். இறங்கினால், பாலத்துக்கு அடியில் காய்ந்த ஓடைப் பள்ளம். நடுவில் ஒரு மழைக்காலம் போயிருந்ததால் முக்கால்வாசி அடித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சம் ஒரு மூலையில் சருகோடு சேர்ந்து ஒதுங்கிக் கிடந்தது.

எலும்புகள். நடுநடுவே வெள்ளையாகத் துணிக் கிழிசல்கள். பக்கத்தில் குனிந்த பிறகுதான் புரிந்தது. பேண்டேஜ் துணி. கையில் சுற்றிக்கொண்டு இழுத்திருக்கிறார்.

உட்கார்ந்து பிரித்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மேல் முன்பல்லுக்குப் பின்னால் இன்னொரு குட்டிப் பல் ஒளிந்திருந்தால் முயல். ஆரஞ்சு நிறத்தில் உளி மாதிரி இருந்தால் முள்ளம்பன்றி. கண்குழியில் எலும்பு வளையம் நின்றால் ஆந்தை. ஒரு மண்டையோட்டில் துணி நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அவிழ்த்தேன். மரநாய்.

இனம் சொல்லிவிடலாம். சில எலும்பில் வயதுகூடச் சொல்லிவிடலாம். எந்த மாதம் செத்தது என்று மட்டும் சொல்ல முடியாது. பலகைக்குப் பிறகு எத்தனை என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு அங்கே பதில் இல்லை. ஓடையோடு போய்விட்டது.

ஏழாம் மாதத்தில் பார்த்த அந்தக் கறை கிடந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தேன். பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும் புளியமரத்துக்கும் நடுவில் வெயில் அடித்தது. அன்றைக்கு நான் இன்னும் நாலு எட்டு கீழே இறங்கியிருந்தால் போதும். ரோட்டையும் மண் ஓரத்தையும் மட்டும் பார் என்பது முறை. நான் முறையை மீறவில்லை. அதுவே இப்போதும் உறுத்துகிறது.

அன்று சாயங்காலம் சாம் வந்ததும் அந்தத் துணியை அவர் முன்னால் வைத்தேன்.

"எத்தனை இருக்கும்?" என்று கேட்டேன்.

"எண்ணலை."

"என்னென்ன?"

"கீரியா பூனையா எனக்கு எப்படித் தெரியும் ஜெசி? நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இழுப்பேன்."

"இது மூஞ்சியில ஏன் கட்டியிருக்கு?"

அந்தத் துணியை எடுத்து மடித்தார். "அது என்னையே பாத்துச்சு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு சொட்டு ரத்தம் பார்க்க முடியாத மனிதர், ராஜபாளையத்துக்கு நேராகப் போகாமல் எதிர்த்திசையில் வந்து, விடியுமுன் இருட்டில் கையை நீட்டித் தொட்டுப் பார்த்து, இழுத்து, தள்ளி, டீக்கடைக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். எனக்காக. அதனால்தான் அவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"போலீஸ்ல பிடிச்சுட்டுப் போயிருவாகளா?" என்று கேட்டார். காட்டுப் பிராணியின் உடலை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது என்று நானே அவருக்கு எப்போதோ சொல்லியிருந்தேன்.

"தெரியலை."

"அந்த அணிலு... வேகத்தடை இருந்திருந்தா பொழச்சிருக்குமா?"

"தெரியலைங்க."

உண்மையிலேயே தெரியாது. ஒரு தனி உயிரைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது என்றுதான் படித்திருக்கிறேன். ஆனால் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார். சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் நினைக்கிறேன்.

காலி

மேடம் முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அப்ப அந்த மாசங்கள்ல போட்ட பூஜ்யமெல்லாம் பூஜ்யம் இல்ல. காலி" என்றார்.

"ஆமா மேடம்."

"பலகைக்குப் பிறகு நம்மகிட்ட நம்பகமா இருக்கிறது நீ திரும்பி வந்த பொறவு எண்ணினது மட்டும்தான். அது பத்தாது. அறிக்கையை வாபஸ் வாங்கிட்டு இன்னும் ஒரு வருஷம் எண்ணணும்."

"அதுவரைக்கும் வேகத்தடை?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "வாபஸுக்குக் காரணம் எழுதணும்டா. என்னன்னு எழுதுவே?"

ஆய்வாளரின் குடும்பத்தினர் ஒருவர் உடல்களை அப்புறப்படுத்தியதால் என்று எழுதினேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. போலீஸும் வரவில்லை. ஆனால் எங்கள் துறையில் என் பெயர் வந்தால் ஒரு சிரிப்பு வரும் என்று கேள்விப்பட்டேன். அலுவலகத்திலிருந்து, சரி, இன்னொரு வருடம் எண்ணிவிட்டுச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு அந்த ரோட்டின் பிராணிகளுக்குக் கிடைத்தது இன்னொரு வருடச் சாவு.

அத்தையிடம் விளக்கப் பார்த்தேன். எஸ்தருக்கு நெற்றியில் எண்ணெய் வைத்துக்கொண்டே கேட்டார். "நான் எம் பேத்தியைக் காப்பாத்துனேன். அணிலை நான் என்னம்மா செய்ய?" குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

எஸ்தர் உறக்கத்தில் திடுக்கிடுகிற பிள்ளை இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அத்தையின் கணக்கில் அது போதுமான சான்று.

ஸ்கேல்

அந்த இன்னொரு வருடம் முடிவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது எனக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது.

யாரிடமும் சொல்லவில்லை. காலை வாந்தியை அஜீரணம் என்றேன். சுடிதாரைத் தளர்த்திப் போட்டுக்கொண்டேன். கல்யாண வீட்டில் அன்னாசிப்பழம் வைத்தபோது மட்டும் கை நின்றது. நிஜத்தில் ஒன்றும் செய்யாது என்று தெரியும். ஆனாலும் எடுக்கவில்லை.

சாமிடம் சொன்னால், "இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்" என்பார். செய்யவும் மாட்டார். அதை நானும் நம்புவேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரே ஒரு காலை ரோடு சுத்தமாக இருந்தால்கூட அந்தப் பூஜ்யத்தை என்னால் நம்ப முடியாது. பாலத்துக்கு அடியில் இறங்கிப் பார்ப்பேன். பிரியமானவர்கள் யாருக்கும் தெரியாத வரைக்கும்தான் என் கணக்கு சுத்தமாக இருக்கும் என்று ஆகிவிட்டது.

எல்லாவற்றையும் பார்த்தேன். நசுங்கியதை, பாதி நசுங்கியதை, இன்னும் மூச்சிருந்ததை. ஒருநாள் ஒரு பெண் முயல், வயிற்றில் குட்டிகளோடு. முறைப்படி தடவிப் பார்த்து எழுதினேன். வீட்டுக்கு வந்து குளித்தேன். குளித்த பிறகும் கொஞ்ச நேரம் எஸ்தரைத் தூக்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் அத்தை என்ன சொல்வார் என்று தெரியும். நான் என்ன நினைப்பேன் என்பதுதான் தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

எண்ணப் போகிற கடைசிக் காலைக்கு முந்தைய சாயங்காலம், இனி மறைக்க முடியாது என்று ஆனபோது, சாமிடம் சொன்னேன்.

முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"எம்புட்டு நாளா?"

"மூணு மாசம் தாண்டிருச்சு."

"அம்புட்டையும் பாத்தியா?"

"பாத்தேன்."

வெளியே போய், ஸ்டாண்டு போட்டிருந்த பைக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். எங்கும் போகவில்லை. கூப்பிட்ட பிறகு உள்ளே வந்து எஸ்தருக்குச் சோறு ஊட்டினார். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

விடிந்ததும் கம்பெனிச் சட்டை போடாமல் வாசலில் நின்றார். "நானும் வாரேன்."

ஆட்டோவில் மூன்று பேரும் போனோம். டீக்கடை வந்தது. காஜா பாய் வேகத்தைக் குறைக்காமல், கடைக்காரருக்கு ஒரு கையை மட்டும் காட்டிவிட்டுப் போனார். ரோட்டில் இன்னும் வேகத்தடை இல்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் இல்லை. புது அறிக்கை போயிருக்கிறது, அவ்வளவுதான். மஞ்சள் பலகையில் வெயில் பட்டு அணிலின் வால் வெளுத்துவிட்டது.

பாலம் தாண்டியதும் ஒரு மரநாய் கிடந்தது.

நான் எழுவதற்குள் சாம் இறங்கிவிட்டார். கை பழக்கமாகப் பாக்கெட்டுக்குள் போனது. வெள்ளைத் துணியை எடுத்து விரல்களில் சுற்றினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, குனிந்து, பின்னங்கால் இருக்கும் இடத்துக்குக் கையை நீட்டினார். காஜா பாய் என்ஜினை அணைத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

கை பாதி வழியில் நின்றது.

"ஸ்கேலைக் குடு" என்றார்.

கொடுத்தேன். அதன் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, தலையிலிருந்து வால் வரைக்கும் தடவித் தடவி, ஸ்கேலை உடம்போடு ஒட்டி வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் படம் எடுத்தேன்.

கண்ணை இறுக்க மூடியிருந்தார். ஸ்கேல் நேராக இருந்தது.